லூஓ: அவிழ்ப்பதும் மீட்பதும் – ஒரு பழங்கிரேக்க வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்கிரேக்கம் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினைச்சொல் லூஓ. இறையியல் மாணவர்கள், இலியட், ஓடிசி காப்பியங்களின் கவி ஹோமரை மூலத்தில் படிக்க ஆசைப்படுகிறவர்கள், டயாலிசிஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடி வந்தவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஆங்கில இலக்கணம் வழியாகச் சுற்றிப் போகாமல், நம் இலக்கணத்தை வைத்தே இந்த வினையை அணுகுவது எளிது என்பது என் கட்சி. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

லூஓ என்றால் என்ன பொருள்?

அவிழ்க்கிறேன் என்று பொருள். கயிறு, செருப்பு வார், கட்டிப்போட்ட கழுதை எல்லாவற்றுக்கும் இதே வினைதான். அதிலிருந்து பொருள் பல பக்கம் ஓடுகிறது. கைதியை அவிழ்த்தால் விடுவிப்பது. கூட்டத்தை அவிழ்த்தால் கலைப்பது. ஒப்பந்தத்தை அவிழ்த்தால் முறிப்பது; வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் காலத்துப் போர் ஏன் மூண்டது என்று சொல்லும் இடத்தில் இந்த வினைதான் நிற்கிறது. சட்டத்தை அவிழ்த்தால் ரத்து செய்வது, அல்லது மீறுவது. புதிரை அவிழ்த்தால் விடுவிப்பது.

வரலாற்றாசிரியர் ஹெரோதோதஸ் தம் வரலாற்றின் 4ஆம் நூலில் ஒரே கதைக்குள் இரண்டு பொருளையும் காட்டுகிறார். பாரசீக மன்னன் தாரியஸ் சிதியர்கள்மேல் படையெடுத்துப் போகும்போது தான்யூப் நதியில் படகுகளைப் பிணைத்துப் பாலம் போடுகிறான். கடந்தபின் பாலத்தை ‘அவிழ்த்துவிட்டு’ என் பின்னால் வாருங்கள் என்று முதலில் தன் படையில் இருந்த அயோனியக் கிரேக்கர்களிடம் சொல்கிறான். அப்படிச் செய்தால் திரும்பி வர வழியிருக்காதே என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் மனதை மாற்றிக்கொண்டு, ஒரு தோல் வாரில் 60 முடிச்சுப் போட்டு அவர்கள் கையில் கொடுக்கிறான். நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழுங்கள், முடிச்சு தீர்ந்தும் நான் வரவில்லை என்றால் ஊருக்குக் கிளம்புங்கள் என்கிறான். பாலத்துக்கும் லூஓ, முடிச்சுக்கும் லூஓ.

எத்தனையோ வினைகள் இருக்க, பாடநூல்கள் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன?

பகுதி மாறாது, அதுதான் காரணம். ‘லு’ என்பது உயிரொலியில் முடிகிறது. எந்த விகுதி வந்து ஒட்டினாலும் மெய்யெழுத்துகள் மோதிக்கொண்டு திரிவதில்லை. மற்ற கிரேக்க வினைகள் பல அவ்வளவு சாது கிடையாது. ஆனால் லூஓவிலும் ஒரு சின்ன வம்பு உண்டு: ‘லூ’ சில வடிவங்களில் ‘லு’ ஆகிவிடும். அதனால் சில ஆசிரியர்கள் இதை விட்டுவிட்டு, கற்பிக்கிறேன் என்று பொருள்படும் பைதெயுஓவை மாதிரி வினையாக எடுக்கிறார்கள். எனக்கு லூஓவே பிடிக்கும். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

எப்படி உச்சரிப்பது? தமிழ் எழுத்தில் எழுதினால் சரியாக வருமா?

பாதிக்குமேல் வரும். கிரேக்கத்தில் எ, ஏ, ஒ, ஓ நான்குக்கும் தனித்தனி எழுத்து உண்டு: எப்சிலான், ஈட்டா, ஓமிக்ரான், ஒமேகா. இந்தக் குறில் நெடில் வேறுபாடு நமக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிடுவதால், மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தைத் தமிழர் எளிதாகத் தாண்டிவிடலாம். கடைசி ‘ஓ’ நெடில்; ‘லூ’வும் நெடில்.

வராதவை இரண்டு. ஏதென்ஸ்காரர்கள் ‘லூ’வில் சொன்ன உயிர் நம் ஊ அல்ல. உதட்டை ஊ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு ஈ சொல்லிப் பாருங்கள், அதுதான். அடுத்து, எலுதேன் போன்ற வடிவங்களில் வரும் த, மூச்சு கலந்த த. இன்னொன்று, இந்தப் பக்கத்தில் லெலுக என்று எழுதும்போது கடைசிக் க-வை ‘பக்கம்’ என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்லுங்கள். ‘மகன்’ என்பதில் வருவதுபோல் அல்ல.

ஆறு முதன்மை வடிவங்கள் என்கிறார்களே, அவை என்ன?

லூஓ, லூஸோ, எலூஸ, லெலுக, லெலுமய், எலுதேன். இந்த ஆறும் தெரிந்தால் மற்ற வடிவங்கள் அத்தனையையும் கட்டிவிடலாம்.

அவிழ்க்கிறேன், அவிழ்ப்பேன், அவிழ்த்தேன், அவிழ்த்திருக்கிறேன் என்பவை முதல் நான்கு. ஐந்தாவது, எனக்காக அவிழ்த்து முடித்திருக்கிறேன் அல்லது அவிழ்க்கப்பட்டிருக்கிறேன். ஆறாவது, அவிழ்க்கப்பட்டேன். உற்றுப் பார்த்தால் ஒட்டு வேலை தெரியும். எதிர்காலத்துக்கு ஸ். இறந்தகாலத்துக்கு முன்னால் எ. நான்காவதிலும் ஐந்தாவதிலும் பகுதியின் முதல் மெய் இரட்டித்து லெ-லு. கடைசி மூன்றில் ‘லு’ குறில் என்பதையும் கவனியுங்கள். நான் சொன்ன வம்பு இதுதான்.

நிகழ்காலத்தில் எப்படித் திரியும்?

லூஓ, லூஎய்ஸ், லூஎய், லூஒமென், லூஎதெ, லூஊஸி. நான், நீ, அவன் அல்லது அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் படியுங்கள். ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்பால் பெண்பால் வேறுபாடு வினையில் இல்லாததால் ஒரு சுமை குறைவு. பதிலுக்கு, இரண்டு பேர் மட்டும் என்றால் லூஎதொன் என்று இருமை வடிவம் ஒன்று உண்டு. பழைய நூல்களில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தகாலம் இரண்டு இருக்கிறதே. எலூஒன், எலூஸ – என்ன வேறுபாடு?

முதலாவது, அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது, அவிழ்த்தேன், வேலை முடிந்தது. இரண்டாவதை ஏயரிஸ்ட் என்பார்கள். வேறுபாடு காலத்தில் இல்லை, செயலை எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. நடந்துகொண்டிருப்பதாக உள்ளே நின்று பார்ப்பது ஒன்று. வெளியே நின்று ஒரே துண்டாகப் பார்ப்பது மற்றொன்று. ஏவலிலும் எச்சத்திலும்கூட இதே பிரிவு உண்டு என்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது.

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் கழுதைக்குட்டிச் சம்பவத்தைப் பாருங்கள். இயேசு இரண்டு சீடர்களை அனுப்பி, ஒரு குட்டி கட்டியிருக்கும், ‘லூஸன்தெஸ்’ கொண்டுவாருங்கள் என்கிறார். இது ஏயரிஸ்ட் எச்சம்: அவிழ்த்து. அவிழ்ப்பது முடிந்தபின் கொண்டுவருவது. சீடர்கள் போகிறார்கள். ‘லூஒன்தோன்’, அவர்கள் அவிழ்க்கையில், குட்டியின் சொந்தக்காரர்கள் வந்து ‘லூஎதெ’, ஏன் அவிழ்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கை இன்னும் முடிச்சில் இருக்கிறது, அதனால் நிகழ்காலப் பகுதி. ‘அவிழ்த்து’, ‘அவிழ்க்கையில்’ என்று நம் வினையெச்சங்கள் இதை ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆங்கிலம் வழியாகக் கற்றால் இந்த இடத்துக்கு ஒரு பக்க விளக்கம் தேவைப்படும்.

தாரியஸ் முடிச்சுகளுக்குப் பயன்படுத்தியதும் நிகழ்காலப் பகுதியில் வரும் ஏவல்தான். நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை அல்லவா.

லெலுக, லெலுமய்: இந்த இரட்டிக்கும் வடிவத்தை எப்போது பயன்படுத்துவார்கள்?

செயல் முடிந்து அதன் விளைவு இப்போதும் நிற்கும்போது. தமிழில் இதற்கு ‘இரு’ என்ற துணைவினை இருக்கிறது: அவிழ்த்திருக்கிறேன், அவிழ்ந்திருக்கிறது.

இதற்கு நான் கண்ட நல்ல உதாரணம் அலெக்சாந்தரின் கதை. கி.மு. 333இல் அவன் கோர்தியோன் நகருக்கு வருகிறான். அங்கே ஒரு பழைய வண்டியின் நுகத்தடியில், தலையும் வாலும் தெரியாத ஒரு முடிச்சு. அதை அவிழ்ப்பவன் ஆசியாவை ஆள்வான் என்று ஒரு சொல் உண்டு. அலெக்சாந்தருக்கு நுனி அகப்படவில்லை. சிலர் சொல்வது இது என்று வரலாற்றாசிரியர் ஆரியன் (Arrian) எழுதுகிறார்: வாளால் ஒரே வெட்டு, உடனே ‘லெலுஸ்தய்’ என்றான். ஆயிற்று, அவிழ்ந்திருக்கிறது! ‘அவிழ்த்தேன்’ என்று சொல்லியிருந்தால் எப்படி அவிழ்த்தாய் என்று கேட்கலாம். அவன் செயலைப் பற்றிப் பேசவே இல்லை, நிலையைத்தான் காட்டுகிறான். வழக்கறிஞர் புத்தி. அவன் வெட்டவில்லை, நுகத்தடியைப் பிடித்திருந்த ஆணியை உருவினான் என்று, அலெக்சாந்தரோடு படையில் போன அரிஸ்தொபூலஸ் சொன்னதையும் ஆரியன் குறித்துவைத்திருக்கிறார். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவரே விட்டுவிடுகிறார்.

நடுவினை என்பது என்ன? லூஒமய் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று பாடநூல்கள் எழுதிவைத்ததால் வந்த குழப்பம். தமிழில் ‘கொள்’ என்று ஒரு துணைவினை இருக்கிறது, எழுதினான், எழுதிக்கொண்டான். செய்த செயலின் பலன் செய்தவனையே சேர்கிறது. கிரேக்க நடுவினை பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. லூஓ என்றால் விடுவிக்கிறேன். லூஒமய் என்றால் எனக்காக விடுவித்துக்கொள்கிறேன், அதாவது மீட்புப் பொருள் கொடுத்து மீட்கிறேன்.

இலியட்டின் தொடக்கக் காட்சி முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. அப்போலோவின் பூசாரி கிரீசஸ். அவர் மகள் கிரேக்கப் படையிடம் சிக்கி, தலைவன் அகமெம்னோனின் பங்காகப் போயிருக்கிறாள். தகப்பன் எண்ணற்ற மீட்புப் பொருளோடு கப்பல்களை நோக்கி வருகிறார். 13ஆம் அடி அவரை ‘லூஸொமெனொஸ்’ என்கிறது. நடுவினை, எதிர்காலம்: மகளை மீட்டுக்கொள்வதற்காக. மகள் வந்து சேர வேண்டியது அவரிடம். ஆனால் 20ஆம் அடியில் அவரே வாய் திறந்து கேட்கும்போது ‘லூஸய்தெ’ என்கிறார். செய்வினை: நீங்கள் விடுவியுங்கள். அவர்களுக்கு அதில் மகள் இல்லை, விடும் வேலை மட்டும்தான். 29ஆம் அடியில் அகமெம்னோனின் பதில்: ‘தேன் தெகோ ஊ லூஸோ’, அவளை நான் விடமாட்டேன். இதுவும் செய்வினை. பிடித்து வைத்திருப்பவன் பேச்சில் நடுவினைக்கு இடமில்லை.

அந்த மறுப்பிலிருந்து கொள்ளைநோய், அதிலிருந்து கிரேக்க வீரன் அக்கிலீஸின் கோபம், அதிலிருந்து முழுக் காப்பியம். கடைசியாக 24ஆம் நூலில் இன்னொரு தகப்பன் இரவில் எதிரியின் கூடாரத்துக்கு வருகிறார். டிராய் மன்னர் பிரியாம். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்கிறார். 502ஆம் அடியில் அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல்லும் அதே லூஸொமெனொஸ். மீட்புப் பொருளைக் குறிக்கும் சொற்களும் 13ஆம் அடியில் வந்தவையே. இந்த முறை அக்கிலீஸ் கொடுத்துவிடுகிறான். மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு இந்த எதிரொலி பெரும்பாலும் கேட்பதில்லை.

அப்படியானால் செயப்பாட்டுவினை?

பல காலங்களில் நடுவினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் ஒரே வடிவம். இடத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஏயரிஸ்டிலும் எதிர்காலத்திலும் மட்டும் தனி வடிவம்: எலுதேன், லுதேஸொமய். ஒரு யோசனை: எலுதே என்று வந்தால் எல்லா இடத்திலும் ‘அவிழ்க்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். நம்மிடம் ‘அவிழ்ந்தது’ இருக்கிறது. அவிழ்த்தது பிறவினை, அவிழ்ந்தது தன்வினை. பாதி இடங்களில் அதுவே போதும், படிக்கவும் நன்றாக இருக்கும்.

லூஸய்தெ ஏவலா?

இல்லை, அது நம் வியங்கோளுக்குப் பக்கத்தில் வரும் விருப்ப வடிவம். ‘விடுவிப்பீர்களாக’ என்று கெஞ்சும் குரல். இந்த அடிக்கு வேறொரு வாசிப்பும் உண்டு: லூஸய், தெ என்று இரண்டு சொல்லாகப் பிரித்தால், ‘விடுவிக்கவும்’ என்ற எச்சமும் ‘உம்’ போன்ற ஓர் இடைச்சொல்லும் ஆகிவிடும். பழைய ஏடுகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் எழுதியதால் இரண்டும் ஒரே எழுத்துவரிசை. பொருள் பெரிதாக மாறாது. ஆனால் வயதான ஒருவர் கெஞ்சுகிறாரா, நிபந்தனை சொல்கிறாரா என்ற தொனி மாறும். எனக்குக் கெஞ்சுவதே சரியென்று படுகிறது.

ஹோமரில் அட்டவணையில் இல்லாத வடிவங்கள் வருகின்றனவே?

வரும். ஹோமரின் மொழி ஏதென்ஸ் அட்டவணைக்குப் பல நூற்றாண்டு மூத்தது. முன்னால் வரும் எ பல இடங்களில் இருக்காது. ஓடிசியில், கணவன் ஒடிசியஸுக்காகக் காத்திருக்கும் பெனலோப்பி பகலில் நெய்த துணியை இரவில் பிரிப்பாள். அதற்கு ‘அல்லூஎஸ்கெ’ என்கிறார். நடுவில் உள்ள ஸ்க், மறுபடி மறுபடி செய்ததைக் காட்டும்: இரவுதோறும் பிரித்துப் பிரித்து வைத்தாள். மூன்று வருடம் அப்படியே ஓட்டினாள்.

இன்னொன்று ‘லுதொ’, விகுதி நேரே பகுதியில் ஒட்டிய பழைய வடிவம். 23ஆம் நூலில், கட்டிலின் ரகசியத்தைச் சொன்னவன் தன் கணவன்தான் என்று தெரிந்ததும் பெனலோப்பியின் முழங்காலும் நெஞ்சும் ‘லுதொ’, தளர்ந்துபோயின. போர்க்களத்தில் ஒருவன் மூட்டுகள் அவிழ்ந்தன என்றால் செத்தான் என்று பொருள். கவிஞர் சாஃபோ காதலை ‘லுஸிமெலேஸ்’ என்கிறார்: உடலின் மூட்டுகளை அவிழ்ப்பது. சாவுக்கும் காதலுக்கும் ஒரே வினை. நம் அகப்பாடல்களில் தலைவியின் வளை கழன்று விழுவதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தமிழ் பைபிளில் இதை எப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்?

ஒரே சொல்லால் அல்ல, அது சரியும்கூட. யோவான் ஸ்நானகன் அவிழ்க்கத் தகுதியில்லை என்று சொல்லும் பாதரட்சை வார், லூஓ. கல்லறையிலிருந்து வரும் லாசருவைக் கட்டவிழ்க்கச் சொல்வதும் லூஓ. யோவான் 2:19இல் ஆலயத்தை இடித்துப்போடுங்கள் என்பதும் லூஓ. 5:18இல் ஓய்வுநாளை மீறினார் என்ற இடத்தில் எலூஎ. ஒருமுறை அல்ல, மீறிக்கொண்டே இருந்தார் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலவடிவத்திலேயே இருக்கிறது. ‘மீட்கும்பொருள்’ என்று மாற்கு 10:45இல் வருவது லுத்ரொன், இதே பகுதியில் பிறந்த பெயர்ச்சொல்.

மத்தேயு 16:19ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். மூலத்தில் ‘எஸ்தய் லெலுமெனொன்’. வருங்காலத்தில், ஏற்கெனவே அவிழ்ந்து முடிந்த நிலை. தமிழில் ‘கட்டவிழ்க்கப்பட்டிருக்கும்’. செயப்பாட்டுக்குப் பட்டு, நிற்கும் நிலைக்கு இரு, எதிர்காலத்துக்கு உம் என்று ஒரு அசையும் சிந்தவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது 1714-15இல். அதன்பின் எத்தனையோ கைகள் திருத்திவிட்டன, ஆனால் இந்த இடத்தில் மொழியே வேலையை எளிதாக்கிக் கொடுத்திருக்கிறது.

டயாலிசிஸில் வரும் லிசிஸ் இதுதானா?

ஆமாம், லுஸிஸ் என்ற பெயர்ச்சொல். டயாலிசிஸ் என்ற சொல்லை வேதியியலில் 1861இல் புகுத்தியவர் தாமஸ் கிரஹாம். சிறுநீரக மருத்துவத்துக்கு அது பின்னால் போனது. அனாலிசிஸ், பாராலிசிஸ், எலக்ட்ரோலைட், கேட்டலிஸ்ட் எல்லாம் ஒரே குடும்பம். 1955இல் கிறிஸ்டியான் தெ துவ் பெயரிட்ட லைசோசோமும் அப்படித்தான்.

அறிவியலுக்கு முன்பே இந்தப் பெயர்ச்சொல்லுக்குக் கலைச்சொல் வாழ்க்கை இருந்தது. நாடகத்தில் சிக்கல் இறுகும் பகுதியை தெஸிஸ், கட்டு என்றும், அது பிரியும் பகுதியை லுஸிஸ் என்றும் அரிஸ்டாட்டில் வகுத்தார். சாவு என்பது உடலிலிருந்து ஆன்மாவின் லுஸிஸ் என்று பிளேட்டோவின் ஃபைதோன் என்ற உரையாடல் நூல் சொல்கிறது.

பெயர்களில் வருமா?

தாராளமாக. லூசிமாக்கஸ், போரை முடிப்பவன். லூசிப்பஸ், குதிரையை அவிழ்ப்பவன். கி.மு. 411இல் அரிஸ்தோஃபனீஸ் மேடையேற்றிய நாடகத்தின் நாயகி லூசிஸ்த்ராதா, படையைக் கலைப்பவள். கணவன்மாரைப் பட்டினி போட்டாவது போரை நிறுத்துவேன் என்று கிளம்புகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பட்டினி சோற்றில் இல்லை, கட்டிலில்.

தமிழோடு ஏதாவது உறவு உண்டா?

வேரில் இல்லை. கிரேக்கம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடம். சமஸ்கிருதத்தில் வெட்டுவதைக் குறிக்கும் லுனாதி இதன் உறவு. லத்தீன் சொல்வோவும் உறவு; சால்வ், சொல்யூஷன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் லூஸும் அப்படியே. அந்த லூஸ்தான் நம் ஊரில் ‘லூசு’ ஆகியிருக்கிறது. ஆக, யாரையாவது லூசு என்று திட்டும்போது ஹோமரின் வினைக்குத் தூரத்துச் சொந்தக்காரரைக் கூப்பிடுகிறீர்கள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆறு முதன்மை வடிவங்களை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். நிகழ்காலம், ஏயரிஸ்ட் இரண்டின் செய்வினை விகுதிகள் அடுத்து. அப்புறம் அட்டவணையை மூடிவைத்துவிட்டு லூக்கா 19:30 முதல் 33 வரை மூலத்தில் படியுங்கள். நான்கே வசனம், லூஓ நான்கு முறை வரும். நடுவினைக்கு இலியட் முதல் நூலின் முதல் 42 அடிகள். இருமை, விருப்ப வடிவம் எல்லாம் எதிரே வரும்போது திரும்பிப் போய்ப் பார்த்தால் போதும். மொத்த அட்டவணையையும் விழுங்கிய பிறகுதான் நூலைத் தொடுவேன் என்று உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நூலைத் தொடுவதே இல்லை.

இன்றைய கிரேக்கர்கள் இந்த வினையைப் பயன்படுத்துகிறார்களா?

லீனோ என்ற வடிவத்தில் பயன்படுத்துகிறார்கள். பழைய ஊ-ஈ கலப்பு ஒலி இப்போது வெறும் ஈ. செருப்புக் கயிற்றை அவிழ்ப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் அதே வினை. கணக்கின் விடைக்கு லீஸி.